பள்ளிக்கூடம் பார்க்க வந்த கவிஞர்

35 வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்த மாத்யூ ஆர்னால்டின் கதை

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் பள்ளிக்கூடத்தில் ஏற்படும் பரபரப்பைச் சொல்ல வேண்டியதில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். மூலையில் சுருட்டி வைத்திருந்த தேசப்படம் தூசி தட்டப்பட்டு ஆணியில் ஏறும். கெட்டிக்காரப் பிள்ளைகள் முன் பெஞ்சுக்கு வருவார்கள். மந்தமான பையன் அன்று வீட்டில் இருந்தாலே நல்லது என்று வாத்தியார் நினைப்பார். இன்ஸ்பெக்டர் வந்து, பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மறுநாள் தேசப்படம் மறுபடியும் மூலைக்குப் போய்விடும்.

இப்படி ஒரு நாள் வந்து பார்ப்பதால் படிப்பு உயருமா? அல்லது வாத்தியாருக்கும் பிள்ளைகளுக்கும் பயம்தான் மிஞ்சுமா? நூறு வருஷத்துக்கு மேலாக உலகம் முழுவதும் கல்வி இலாகாக்கள் கேட்டுவரும் கேள்வி இது. இதற்கு விடை தேடித் தம் வாழ்நாளில் பாதிக்கு மேல் செலவிட்ட ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். அவர் பெரிய கவிஞர். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் கவிதைப் பேராசிரியர். ஆனால் அவருக்குச் சோறு போட்டது கவிதை அல்ல, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் உத்தியோகம்.

அவர்தான் மாத்யூ ஆர்னால்டு. ருஸ்தம் என்ற பாரசீக வீரன், தன் மகன் என்று அறியாமல் சொராபைப் போரில் கொன்றுவிடும் கதையை ஆங்கிலத்தில் காவியமாகப் பாடியவர். கல்லூரியில் ஆங்கிலம் படித்த நம்மவர்கள் பலருக்கும் அந்தக் கவிதை தெரிந்திருக்கும். ஆனால் அவர் நோட்டும் பென்சிலுமாக ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களை ஏறி இறங்கிய கதை அவ்வளவாகத் தெரியாது.

வாத்தியார் மகன்

ஆர்னால்டு 1822-ம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி தேம்ஸ் நதிக்கரையிலுள்ள லேல்ஹாம் கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் டாக்டர் தாமஸ் ஆர்னால்டு 1828-ல் ரக்பி பள்ளியின் தலைமை ஆசிரியரானார். அந்தப் பள்ளியைச் சீர்திருத்தி, இங்கிலாந்து முழுவதும் பேசப்படும் பள்ளியாக ஆக்கியவர் அவர். மிகவும் கண்டிப்பானவர், உழைப்புக்கு அஞ்சாதவர்.

மகனோ நேர் எதிர். சிறு வயதில் கால் வளைந்திருந்ததால் இரும்புப் பட்டைகள் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. வளர்ந்த பிறகு உல்லாசமான இளைஞராக ஆனார். நல்ல உடை, நண்பர்கள், மீன் பிடித்தல், வேடிக்கைப் பேச்சு என்று காலம் போயிற்று. ஆக்ஸ்போர்டில் பேலியல் கல்லூரிக்கு உபகாரச் சம்பளம் பெற்றுப் போனார். ஆனாலும் 1844-ல் இரண்டாம் வகுப்பில்தான் தேறினார். பிறகு சமாளித்துக்கொண்டு, 1845-ல் ஓரியல் கல்லூரியில் பெல்லோ ஸ்தானம் பெற்றார்.

அதற்கு முன்பே, 1842-ல், தகப்பனார் இருதய நோயால் திடீரென்று காலமாகிவிட்டார். அப்போது அவருக்கு வயது 46. குடும்பத்தில் மூத்த மகன் மாத்யூ.

1847-ல் லான்ஸ்டவுன் பிரபுவுக்கு அந்தரங்கக் காரியதரிசியாக வேலை கிடைத்தது. அந்தப் பிரபுவின் பொறுப்பில்தான் கல்விக் கமிட்டி இருந்தது. வேலை அதிகம் இல்லை. கவிதை எழுத நேரம் கிடைத்தது. 1849-ல் முதல் கவிதைத் தொகுதி வெளிவந்தது.

கல்யாணத்துக்காக ஓர் உத்தியோகம்

இந்தச் சமயத்தில் பிரான்ஸஸ் லூசி வைட்மன் என்ற பெண்ணை மணக்க விரும்பினார். பெண்ணின் தகப்பனார் உயர் நீதிமன்ற நீதிபதி. நிலையான வருமானம் இல்லாத கவிஞருக்குப் பெண் கொடுக்க அவர் இசையவில்லை. எந்த ஊரிலும் பெண்ணைப் பெற்றவர்கள் கேட்கும் கேள்விதானே அது!

லான்ஸ்டவுன் பிரபு கைகொடுத்தார். 1851 ஏப்ரலில் ஆர்னால்டைப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக நியமித்தார். ஜூன் மாதம் கல்யாணம் நடந்தது. அக்டோபரில் ஆர்னால்டு மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினார். இந்த வேலை தாமாக விரும்பித் தேர்ந்தெடுத்தது அல்ல, கல்யாணம் செய்துகொள்வதற்காகவே ஏற்றுக்கொண்டது என்று பிற்காலத்தில் ஆசிரியர்கள் கூடியிருந்த சபையிலேயே அவர் ஒளிக்காமல் சொன்னார்.

அக்காலத்து இங்கிலாந்தில் சர்க்கார் பள்ளிக்கூடம் என்று ஒன்று கிடையாது. ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளை மதச் சபைகளும் தர்ம சங்கங்களும் நடத்திவந்தன. 1833-ல் பார்லிமெண்ட் முதன்முதலாக 20,000 பவுன் மானியம் ஒதுக்கியது. பணம் கொடுத்தால் அது சரியாகச் செலவாகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? 1839-ல் கல்விக் கமிட்டி ஏற்பட்டது. அதே வருஷம் இரண்டு இன்ஸ்பெக்டர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு விதிகள் வகுத்தவர் கமிட்டியின் காரியதரிசியான ஜேம்ஸ் கே-ஷட்டில்வொர்த். இன்ஸ்பெக்டர் அதிகாரம் செய்யப் போகிறவர் அல்ல, பள்ளிக்கூடத்துக்கு உதவி செய்யப் போகிறவர் என்பது அந்த விதிகளின் சாரம்.

இங்கிலாந்துத் திருச்சபையின் பள்ளிகளைப் பாதிரிமார்களே பார்வையிடுவது என்று ஏற்பாடு. ஆர்னால்டு பாதிரி அல்ல. அதனால் வெஸ்லி சபை முதலிய பிற பிரிவினரின் பள்ளிகள் அவர் பங்குக்கு வந்தன. அவை நாடெங்கும் சிதறிக் கிடந்தன. மத்திய இங்கிலாந்தின் பல ஜில்லாக்களும் வேல்ஸ் பிரதேசத்தின் பகுதிகளும் அவருடைய சுற்றில் அடங்கின.

ரயில் வண்டியும் வாடகை அறையும்

முதல் சில வருஷங்கள் அவருக்குச் சொந்த வீடே இல்லை. மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஊர் ஊராக வாடகை அறைகளில் தங்கினார். ரயில் நிலையத்தில் காத்துக் கிடப்பார். பகலில் ரொட்டித் துண்டோ பிஸ்கோத்தோ கிடைத்தால் போதும் என்று அடுத்த பள்ளிக்கு ஓடுவார். இரவில் பயிற்சி மாணவர்களின் பரீட்சைத் தாள்கள் கட்டுக் கட்டாகக் காத்திருக்கும். இலக்கணத் தாள்களைத் திருத்தித் திருத்திக் கை ஓய்ந்து, அதன் பிறகு நேரம் மிஞ்சினால் கவிதை எழுதுவார்.

வேலை பிடிக்கவில்லை, அலுப்புத் தட்டியது. ஆனால் நாள் செல்லச் செல்ல ஒரு மாறுதல் ஏற்பட்டது. புகை சூழ்ந்த தொழில் நகரங்களில், காற்றோட்டமில்லாத அறைகளில், நூறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடும் ஆசிரியர்களை அவர் தினமும் கண்டார். தம்மைவிடக் குறைந்த வசதியுள்ளவர்கள் தம்மைவிடக் கஷ்டமான வேலையை முணுமுணுக்காமல் செய்வதைக் கண்டபோது தம் அலுப்பு அவருக்கே சிறியதாகத் தோன்றியது.

அவருடைய ஆரம்ப அறிக்கைகளைப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் பளிச்சென்று தெரிகின்றன.

ஒன்று: பயிற்சி மாணவர்கள் ஏராளமான தகவல்களை மனப்பாடம் செய்திருக்கிறார்கள், ஆனால் அவர்களுடைய அறிவு பண்படவில்லை. மலைகளின் பெயரையும் நதிகளின் நீளத்தையும் ஒப்பிக்கிறவன், ஒரு சாதாரணப் பத்தியைப் படித்து அர்த்தம் சொல்லத் தடுமாறுகிறான். இதை 1852-லேயே எழுதிவிட்டார். நல்ல இலக்கியத்தைப் படிக்கவைத்தால் இந்தக் குறை தீரும் என்று யோசனையும் சொன்னார்.

மற்றொன்று: இன்ஸ்பெக்டரின் முதல் கடமை உள்ளதை உள்ளபடி எழுதுவது. ஏழை ஊர், வசதி இல்லை, ஆசிரியருக்குச் சம்பளம் குறைவு என்ற காரணங்கள் இருக்கலாம். அதற்காக மானியத்தை வெட்டாமல் இருக்கலாம். ஆனால் குறையைக் குறை என்று எழுதாமல் விடக்கூடாது. இரக்கம் பணம் கொடுப்பதில் இருக்கட்டும், அறிக்கையில் வேண்டாம் என்பது அவர் கட்சி.

இந்த இரண்டாவது விஷயம் மிகவும் முக்கியமானது. பார்த்து எழுதுவது வேறு, பணம் கொடுப்பது வேறு என்று அவர் பிரித்து வைத்தார். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டபோதுதான் பெரிய விபரீதம் வந்தது.

பிள்ளைக்கு இவ்வளவு என்று விலை

சர்க்கார் மானியம் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போயிற்று. 1861-ல் அது 8 லட்சம் பவுனைத் தாண்டிவிட்டது. இவ்வளவு பணமும் எங்கே போகிறது என்று பார்லிமெண்டில் கேள்வி எழுந்தது. நியூகாஸில் பிரபுவின் தலைமையில் 1858-ல் ஒரு கமிஷன் அமைக்கப்பட்டு, 1861-ல் அறிக்கை கொடுத்தது. மேல் வகுப்புப் பிள்ளைகளையும் கெட்டிக்காரர்களையும் ஆசிரியர்கள் கவனிக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளை விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலோர் எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் சரியாகக் கற்காமலே பள்ளியை விட்டுப் போகிறார்கள் என்று கமிஷன் சொல்லிற்று.

இந்தப் புகாரில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்குக் கொடுத்த மருந்துதான் நோயைவிட மோசமாக முடிந்தது.

அப்போது கல்விக் கமிட்டியின் உப தலைவராக இருந்தவர் ராபர்ட் லோ. கூர்மையான புத்தி, கறாரான சிக்கனக்காரர். அவர் கொண்டுவந்த திருத்தச் சட்ட விதிகள் 1862-ல் அமலுக்கு வந்தன. பரீட்சை முடிவுக்குத் தக்கபடி பணம் என்பதே அதன் அடிப்படை.

கணக்கு இதுதான். சராசரி வருகைக்குத் தலைக்கு 4 ஷில்லிங். அதன் மேல், ஒழுங்காகப் பள்ளிக்கு வந்த ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளையும் இன்ஸ்பெக்டர் முன்னால் மூன்று பரீட்சைகள் கொடுக்க வேண்டும். வாசிப்பில் தேறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ். எழுத்தில் தேறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ். கணக்கில் தேறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ். ஆகப் பிள்ளை ஒன்றுக்கு 8 ஷில்லிங்.

அந்த வயதுப் பிள்ளைகள் நூறு பேர் உள்ள பள்ளிக்கூடத்துக்குக் கிடைக்கக்கூடிய 60 பவுனில் 40 பவுன் அந்த ஒரு நாள் பரீட்சையைப் பொறுத்தது. ஒரு பையனுக்கு ஜுரம் வந்தால் 8 ஷில்லிங் நஷ்டம். பயத்தில் வாய் குழறி வாசிக்காமல் நின்றால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் நஷ்டம்.

மானியம் ஆசிரியர் கைக்கு நேராக வருவதும் நின்றது. எல்லாப் பணமும் பள்ளி நிர்வாகிகளிடம் போயிற்று. அவர்களோடு பேரம் பேசித்தான் ஆசிரியர் சம்பளம் வாங்க வேண்டும். எந்தப் பிள்ளை எத்தனை ஷில்லிங் கொண்டுவரும் என்று வாத்தியார் மனக்கணக்குப் போடும் நிலைமை வந்துவிட்டது.

உத்தியோகத்தைப் பணயம் வைத்தார்

சர்க்கார் உத்தியோகஸ்தர் சர்க்காரின் சட்டத்தை எதிர்த்து எழுதலாமா? எழுதினால் வேலை நிலைக்குமா? ஆர்னால்டுக்கு அப்போது வீடு நிறையக் குழந்தைகள். வேறு வருமானம் சொற்பம். கவிதைப் பேராசிரியர் பதவி கௌரவமானதே தவிர அதில் குடும்பம் நடத்த முடியாது.

ஆனாலும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. 1862 மார்ச்சில் ‘பிரேஸர்ஸ் மாகஸின்’ என்ற பத்திரிகையில் இந்தச் சட்டத்தைப் பிய்த்து எறிந்து ஒரு கட்டுரை எழுதினார். பெயர் போடவில்லை. ஆனால் அந்த நடை யாருடையது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? அதைத் தனிப் பிரசுரமாக அச்சிட்டுப் பார்லிமெண்ட் அங்கத்தினர்களுக்கு வழங்கினார்கள். வேலை போய்விடக்கூடும் என்ற கவலை அவருக்கு இருந்தது. இருந்தும் பின்வாங்கவில்லை.

அவர் வாதம் எளிமையானது. ஏழைப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்பது மூன்று பாடங்கள் விற்கும் கடை அல்ல. வீட்டில் கிடைக்காத ஒழுங்கும் நல்ல பேச்சும் நல்ல நூல்களின் வாசனையும் அங்கேதான் கிடைக்கின்றன. வாசிப்புக்கூட வெறும் எழுத்துக் கூட்டலால் வருவதில்லை. பொது அறிவு வளர்ந்தால்தான் வாசிப்பு வளரும். அந்த வளர்ச்சிக்கு வழி செய்யாமல், கடைசிப் பலனை மட்டும் நிறுத்துப் பார்த்துக் காசு கொடுப்பது, வேருக்குத் தண்ணீர் விடாமல் காயை எண்ணிக் கூலி கொடுப்பது போன்றது. அதிலும் மிக ஏழையான ஊர்ப் பள்ளிக்குத்தான் அதிக நஷ்டம் வரும். உதவி எங்கே அதிகம் தேவையோ அங்கே உதவி குறையும்.

எதிர்ப்பின் பயனாகச் சட்டத்தில் சில திருத்தங்கள் செய்தார்கள். ஆனால் பரீட்சைக்குக் காசு என்ற அடிப்படை மாறவில்லை. ஆர்னால்டின் வேலை போகவில்லை. அவர் எந்தச் சட்டத்தை வெறுத்தாரோ அதே சட்டத்தை நிறைவேற்றும் இன்ஸ்பெக்டராக இன்னும் 24 வருஷம் அவர் உழைக்க நேர்ந்தது.

லோவுக்கு வேறு வழியில் சோதனை வந்தது. இன்ஸ்பெக்டர்களின் அறிக்கைகளில் சர்க்காருக்குப் பிடிக்காத பகுதிகளை இலாகா வெட்டிவிடுகிறது என்று 1864-ல் பார்லிமெண்டில் குற்றம் சாட்டினார்கள். தீர்மானம் சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. லோ ராஜிநாமாச் செய்தார். பின்னால் நடந்த விசாரணையில் அவர் மீது குற்றமில்லை என்று முடிவாயிற்று. ஆனால் உள்ளதை உள்ளபடி எழுத இன்ஸ்பெக்டருக்கு உரிமை உண்டா என்ற கேள்வி நாடறிந்த கேள்வியாகிவிட்டது.

ஜெயித்தது யார்?

புதுச் சட்டத்தின் பலனை ஆர்னால்டு கண்ணெதிரில் கண்டார். முன்பெல்லாம் வகுப்பில் உட்கார்ந்து பாடம் நடப்பதைக் கேட்பார். பள்ளிக்கூடத்தின் போக்கு முழுவதையும் பார்ப்பார். ஆசிரியரோடு பேசி யோசனை சொல்வார். இப்போது அதற்கெல்லாம் நேரமில்லை. பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி, பாஸ், பெயில் என்று குறி போடுவதற்கே பொழுது சரியாகிவிடும். உதவி செய்ய வந்த இன்ஸ்பெக்டர் தராசு பிடிக்கும் ஆளாக மாறிவிட்டார்.

ஆசிரியர்களும் சளைக்கவில்லை. வருஷம் முழுவதற்கும் ஒரே ஒரு வாசகப் புத்தகம். அதை அடி முதல் நுனி வரை பிள்ளைகள் உருப்போட்டுவிடுவார்கள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். வேறு புத்தகத்தைக் கொடுத்தால் திருதிருவென்று விழிப்பார்கள். வாசிக்கத் தெரியாமலே வாசிப்பில் தேறிவிடலாம் என்று ஆர்னால்டு 1867-ல் எழுதினார். கணக்கிலும் இதே கதைதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டுச் சுரைக்காய் காசுக்கு உதவிற்று!

பூகோளம், சரித்திரம், இலக்கணம் எல்லாம் பின்னுக்குப் போயின. அவற்றுக்குக் காசு இல்லை அல்லவா? பயிற்சி மாணவர்களின் தொகையும் இறங்கியது. 1861-ல் 36 பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி மாணவர் இருந்தார். 1866-ல் 54 பிள்ளைகளுக்கு ஒருவர்தான். மொத்த மானியமும் 1865-ல் ஏறக்குறைய 6 லட்சத்து 37 ஆயிரம் பவுனாகக் குறைந்தது. சிக்கனத்தில் லோ ஜெயித்தார் என்பதை மறுக்க முடியாது.

பிறகு வேறு சில பாடங்களுக்கும் தனிக் காசு என்று இலாகா விதிகளைத் திருத்திக்கொண்டே போயிற்று. ஆர்னால்டு தலையை ஆட்டினார். இலாகா ஒரு யந்திரம் செய்தால் ஆசிரியர் அதை ஏமாற்ற ஒரு யுக்தி செய்வார். இந்த விளையாட்டில் முடிவில் ஆசிரியர்தான் ஜெயிப்பார், தோற்பது பிள்ளைகளின் படிப்பு என்பது அவர் கருத்து.

அந்தச் சட்டத்திலும் ஒரு நல்ல அம்சம் இருந்தது. ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் தலைமை ஆசிரியர் ஒரு தினசரிக் குறிப்புப் புத்தகம் எழுதிவர வேண்டும் என்று விதித்தார்கள். மழையால் பிள்ளைகள் வராதது, ஒரு வகுப்பு கணக்கில் பின்தங்கியது, புதிதாக ஒரு முறையைச் செய்து பார்த்தது எல்லாம் அதில் ஏறின. பள்ளிக்கூடம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் பழக்கத்துக்கு அது ஒரு சின்ன விதை. பயம் இல்லாமல் எழுத விட்டிருந்தால் அது பெரிய மரமாகியிருக்கும். ஆனால் அந்தப் புத்தகத்தையும் இன்ஸ்பெக்டர் பார்ப்பார். அவர் பார்த்தால் பணம் போகலாம். அப்படியிருக்கத் தன் குறையைத் தானே எழுத எந்த வாத்தியாருக்குத் துணிவு வரும்?

அயல்நாட்டில் கண்டது

ஆர்னால்டை மூன்று தடவை சர்க்காரே அயல்நாடுகளுக்கு அனுப்பிப் பள்ளிக்கூடங்களைப் பார்த்து வரச் செய்தது. 1859-ல் பிரான்ஸ், ஹாலந்து, சுவிட்ஸர்லாந்து; 1865-ல் பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி, சுவிட்ஸர்லாந்து; 1885 - 86-ல் மறுபடியும் ஜெர்மனி, சுவிட்ஸர்லாந்து, பிரான்ஸ்.

ஹாலந்தில் 1806-ம் வருஷச் சட்டப்படி நடந்துவந்த மேற்பார்வை முறை அவரைக் கவர்ந்தது. பள்ளிக்கூடங்களின் உயிர்நாடியே அங்கே இன்ஸ்பெக்டர்கள்தான். நன்கு கற்றவர்கள், ஊராரால் மதிக்கப்பட்டவர்கள். ஜெர்மனியில் ஆசிரியருக்குக் கொடுத்த நீண்ட பயிற்சியையும், படிப்படியாக இயற்கையான முறையில் பாடம் சொல்லுவதையும் மெச்சினார். பிள்ளைக்கு இத்தனை காசு என்ற பேச்சு அங்கெல்லாம் கிடையாது. இன்ஸ்பெக்டர் முறையே வேண்டாம் என்று ஆர்னால்டு ஒருநாளும் சொன்னதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல இன்ஸ்பெக்டர் வேண்டும், அவர் கையில் பணப்பையைக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் அவர் வாதம்.

கல்விக் குடும்பம், துயரக் குடும்பம்

அந்தக் குடும்பமே பள்ளிக்கூடக் குடும்பம். தம்பி தாமஸ் டாஸ்மேனியாத் தீவில் இன்ஸ்பெக்டர். தம்பி எட்வர்டு இங்கிலாந்திலேயே இன்ஸ்பெக்டர். இன்னொரு தம்பி வில்லியம் நம் நாட்டுக்கு வந்து பஞ்சாப் மாகாணத்தின் கல்வி டைரக்டராக இருந்தவர். அவருடைய மனைவி 1858-ல் தர்மசாலாவில் இறந்தார். அடுத்த வருஷம் ஊர் திரும்பும் வழியில் ஜிப்ரால்டரில் வில்லியமும் காலமானார். அவருடைய நான்கு அநாதைக் குழந்தைகளை ஆர்னால்டின் அக்காள் ஜேனும் அவள் கணவர் வில்லியம் போர்ஸ்டரும் தத்து எடுத்து வளர்த்தார்கள். இந்தப் போர்ஸ்டர்தான் பின்னால் மந்திரியாகி, இங்கிலாந்து முழுவதும் ஆரம்பப் பள்ளிகள் ஏற்பட வழி செய்த 1870-ம் வருஷச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்.

ஆர்னால்டின் சொந்த வீட்டிலும் துயரம் புகுந்தது. 1868-ன் தொடக்கத்தில் கைக்குழந்தை பேஸில் இறந்தது. அதே வருஷம் நவம்பரில் 16 வயது மூத்த மகன் போனான். 1872-ல் 18 வயது மகனும் போனான். நான்கு வருஷத்தில் மூன்று ஆண் பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்தத் தகப்பன் பிறர் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கும் வேலையைத் தொடர்ந்தார்.

இத்தனைக்கும் நடுவில்தான் இலக்கிய விமர்சனக் கட்டுரைகளும், 1869-ல் வெளிவந்த ‘கல்ச்சர் அண்ட் அனார்க்கி’ என்ற புகழ் பெற்ற நூலும் எழுதப்பட்டன. பிற்காலத்தில் கவிதை குறைந்துவிட்டது. உத்தியோகம்தான் கவிதையைத் தின்றுவிட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. பள்ளிகளை அவர் சற்று மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போவார் என்று குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் பிள்ளைகள் அவரைக் கண்டு பயப்பட்டதில்லை. அக்காலத்து இன்ஸ்பெக்டருக்கு அதுவே பெரிய நற்சாட்சி.

விடைபெற்றார்

1870-க்குப் பிறகு மத வாரியாகப் பிரித்துப் பார்வையிடும் முறை போயிற்று. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதி அவருக்குக் கிடைத்தது. 1884-ல் தலைமை இன்ஸ்பெக்டர்களில் ஒருவரானார். 1886 ஏப்ரலில் 35 வருஷ சேவைக்குப் பிறகு ஓய்வு பெற்றார். அந்த நவம்பரில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆசிரியர்கள் கூடி அவருக்கு உபசாரம் செய்தார்கள். தம்மைச் சோதிக்க வந்தவருக்கு ஆசிரியர்கள் மனமாரப் பிரிவுபசாரம் செய்வது எங்கும் அபூர்வமான காட்சிதான்.

ஓய்வு நீண்ட நாள் நீடிக்கவில்லை. அமெரிக்காவில் வாழ்க்கைப்பட்ட மகள் லூசி கப்பலில் வருகிறாள் என்று எதிர்கொண்டு அழைக்க லிவர்பூலுக்குப் போனார். 1888-ம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி டிராம் வண்டியைப் பிடிக்க விரைந்தபோது நெஞ்சு அடைத்து விழுந்து இறந்தார். தகப்பனாரைக் கொண்டுபோன அதே இருதய நோய். வயது 65. பிறந்த ஊரான லேல்ஹாமிலேயே அடக்கம் செய்தார்கள்.

அவர் சொன்னது பலித்தது. அவர் இறந்து இரண்டு வருஷத்தில், 1890-ல், பரீட்சைக்குக் காசு என்ற முறையைத் தளர்த்தத் தொடங்கினார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது மறைந்தது. ஆனால் முப்பது வருஷத்துப் பழக்கம் எளிதில் மறையவில்லை. எட்மண்டு ஹோம்ஸ் என்ற தலைமை இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற்றபின் 1911-ல் ஒரு புத்தகம் எழுதினார். அந்த முறைக்குத் தாமும் பல வருஷம் கருவியாக இருந்ததை நினைத்து அதில் மனம் வருந்தியிருக்கிறார்.

நம் கதையும் இதுதான்

இந்த முறை கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. 1854-ல் லண்டனிலிருந்து வந்த கல்வி உத்தரவின்படி மாகாணம்தோறும் கல்வி இலாகாவும் இன்ஸ்பெக்டர்களும் ஏற்பட்டார்கள். சென்னை ராஜதானியில் 1860-களிலிருந்து ‘ரிஸல்ட் கிராண்ட்’ என்ற பெயரில் பரீட்சை மானியம் வழங்கினார்கள். ஆத்திசூடியும் எண்சுவடியும் சொல்லிக் கொடுத்த திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரும் இன்ஸ்பெக்டர் போடும் குறியை எதிர்பார்த்து நிற்கும் காலம் வந்தது.

பழைய கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. இங்கிலாந்தில் 1992-ல் ‘ஆப்ஸ்டெட்’ என்ற புதிய மேற்பார்வை ஸ்தாபனம் ஏற்பட்டது. பள்ளிக்கூடம் முழுவதற்கும் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லும் அதன் முறை பெரிய கண்டனத்துக்கு ஆளாகி, சர்க்கார் பள்ளிகளைப் பொறுத்தவரை 2024 செப்டம்பரில் கைவிடப்பட்டது. ஸ்காட்லாந்தில் 1990-களிலிருந்தே பள்ளிக்கூடம் தன்னைத் தானே சோதித்து எழுதும் முறைக்கு முக்கியத்துவம் கொடுத்தார்கள். இந்தியாவிலும் 2015-ல் ‘ஷாலா சித்தி’ என்ற திட்டம் தொடங்கியது. முதலில் பள்ளிக்கூடமே தன் நிறைகுறைகளை எழுத வேண்டும், பிறகு வெளியார் வந்து பார்க்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு.

தன்னைத் தானே சோதித்துக்கொள்வது நல்ல யோசனைதான். ஆனால் எழுதிய குறைக்காகத் தலைமை ஆசிரியர் மெமோ வாங்க நேர்ந்தால் அடுத்த வருஷம் குறையே இல்லாத பள்ளிக்கூடமாக எழுதிவிடுவார். காகிதத்தில் எல்லாம் முதல் தரமாக இருக்கும். வகுப்பில் பையன் எழுத்துக் கூட்ட முடியாமல் நிற்பான். வெளியார் வந்து பார்ப்பதும் வேண்டும். உள்ளே இருப்பவர்கள் உண்மையை எழுதுவதும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பயம் மட்டும் புகக்கூடாது.

ஆர்னால்டின் அறிக்கைகளை 1889-ல் புத்தகமாகத் தொகுத்து வெளியிட்டார்கள். சொராபையும் ருஸ்தமையும் படிப்பவர்கள் அளவுக்கு அதைப் படிப்பவர்கள் இல்லை. ஆனால் அவருடைய கவிதையைவிட அதிகப் பிள்ளைகளின் வாழ்வைத் தொட்டது அந்த அறிக்கைகள்தான். குறையைக் கண்டால் எழுது, குறைக்காகப் பட்டினி போடாதே என்று அவர் காட்டிய வழி, கையில் நோட்டுடன் வகுப்பறைக்குள் நுழையும் ஒவ்வொரு அதிகாரிக்கும் பொருந்தும்.